மூக்குப் பரீட்சை

“மாஸ்க்க எறக்கு. மூச்ச நல்லா இழு. இன்னிக்கி என்ன சமையல், சொல்லு.”

கிரில் கேட்டுக்கு உள்ளே நஜீமா. வெளியே, வீட்டு வேலைக்கு வந்த தீபலட்சுமி.

திங்கட்கிழமையிலிருந்து அந்த வீட்டில் இப்படி ஒரு கூத்து. கொரோனா மறுபடி ஏற ஆரம்பித்திருந்த நேரம். வாசனை தெரியவில்லை என்றால் நோய் வந்துவிட்டது என்று ஊரே பேசியது. அதனால் வேலைக்காரிக்குத் தினமும் வாசலில் மூக்குப் பரீட்சை. பாஸானால்தான் கேட் திறக்கும்.

“ஜுரம் பாக்குற மிஷின் பத்தாதாக்கா?” என்று முதல் நாளே கேட்டாள் தீபலட்சுமி.

“ரெண்டு மாத்திரையப் போட்டா மிஷின் ஏமாந்துடும். மூக்க ஏமாத்த முடியுமாடி? எங்க கடையில எட்டுப் பேரு தைக்கிறாங்க. தெச்சாதான் கூலி. நோம்பு வேற வரப்போவுது, துணி குவியிற நேரம். இந்த வீட்ல யாருக்காவது வந்து கடைய மூடுனா, எட்டு வீட்லயும் அடுப்பு எரியாது. தெரிஞ்சிக்கோ.”

ஆனால் மூக்கையும் ஏமாற்றலாம். புதன்கிழமையிலிருந்து தீபலட்சுமி அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அன்று காலையில் டீக்கு இஞ்சி தட்டினாள். வாசனை வரவில்லை. சோப்பை மூக்கிலேயே வைத்துப் பார்த்தாள். ஊஹூம். ஜுர மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு, அரியாங்குப்பத்தில் ஷேர் ஆட்டோ ஏறிவிட்டாள். உள்ளே அவளோடு சேர்த்து ஏழு பேர்.

வேற என்ன செய்வாள்? போன வருஷம் ஜுரம் என்று பத்து நாள் படுத்தாள். எழுந்து வந்தால், நாலு வீட்டில் மூணு வீட்டுக்காரர்கள் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். மிச்சம் இந்த ஒரு வீடுதான். இதுவும் போனால் வாடகை இல்லை, மகள் கவிநிலாவின் படிப்பு இல்லை.

புதன்கிழமை, தெருமுனையில் வைத்திக்குப்பத்து மீன்காரம்மாவை மடக்கினாள்.

“பாய் வீட்டுக்கு என்னா மீனு குடுத்த?”

“வஞ்சரம்.”

பாஸ்.

வியாழக்கிழமை, கேட்டோரக் குப்பைக்கூடையில் முருங்கைக்காய்த் தோல். “சாம்பார்க்கா!” பாஸ்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பாய் வீட்டில் வெள்ளிக்கிழமை என்ன சமையல் என்று பச்சைப் பிள்ளையே சொல்லிவிடும்.

“பிரியாணி!”

“கரெக்ட்டு. உள்ள வா.” கேட்டைத் திறந்த நஜீமாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பிரியாணி தம்மில் இருந்தது. அடுப்பை ஒட்டின தொட்டியில் தீபலட்சுமி பாத்திரம் தேய்த்தாள். நஜீமா அங்கேயே கீழே உட்கார்ந்து பச்சடிக்கு வெங்காயம் நறுக்கினாள். தைக்கிற துணியெல்லாம் எப்படிக் குவிந்து கிடக்கிறது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

மாடியில் படித்துக்கொண்டிருந்த மகன் ஹாதி தடதடவென்று இறங்கி வந்தான்.

“அம்மா! என்னா கருகுது? மேல வரைக்கும் நாத்தம்!”

ஓடிப்போய் அடுப்பை அணைத்து மூடியைத் தூக்கினான். அடியெல்லாம் கரி.

“தீபாக்கா, அடுப்புக்குப் பக்கத்துலயே நிக்கிறீங்க. இந்த நாத்தம் கூடவா தெரியல?”

தீபலட்சுமியின் கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டியில் விழுந்தது. இனிமேல் எதை மறைப்பது?

“புதங்கெழமைலேர்ந்து ஒண்ணுமே தெரியல தம்பி. மாத்திர போட்டுக்கினுதான் வந்தேன். லீவு கேட்டா வேற ஆள வெச்சிடுவீங்களோன்னு பயம். தப்புதாங்க்கா. வேலைய விட்டு மட்டும் எடுத்துடாதீங்க.”

“பாத்தீங்களாம்மா? தெனமும் பரீட்சை வெச்சீங்களே, பொய் சொல்லி உள்ள வந்திருக்காங்க!” ஹாதிக்குக் கோபம் தாங்கவில்லை.

நஜீமா கத்தியைக் கீழே வைத்தாள். கத்தப் போகிறாள் என்று தீபலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

“மூச்சு வாங்குதாடி?”

“இல்லக்கா. அசதிதான்.”

“டெஸ்ட் எடுத்துட்டு வீட்ல படு. நல்லாவுற வரைக்கும் வெளிய வராத. சம்பளத்துல ஒரு ரூபா கொறையாது. ஒன் எடத்துக்கு இன்னொருத்தி வரமாட்டா. அல்லா மேல ஆணையா சொல்றேன்.”

தீபலட்சுமிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இந்த வார்த்தையை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் அவள் ஏன் அந்த ஷேர் ஆட்டோவில் ஏறப்போகிறாள்?

நஜீமா செல்லை எடுத்துக் கணவர் பக்ருதீனைக் கூப்பிட்டாள்.

“என்னாங்க, கடைய மூடுங்க. ஆமா, இப்பவே. எட்டுப் பேரும் டெஸ்ட் எடுத்துட்டு வீட்ல இருக்கட்டும். கூலியக் குடுத்தே அனுப்புங்க. பத்தலன்னா என் வளையல் இருக்கு.”

ஹாதிக்கு ஒன்றும் புரியவில்லை. “இவங்க நம்ம கடைப் பக்கமே போனதில்லம்மா. இவங்களுக்கு வந்தா கடைய ஏன் மூடணும்?”

நஜீமா நறுக்கின வெங்காயத்தை ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனாள். தட்டிலேயே போட்டுவிட்டுப் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். அஞ்சு நாள் பாரம் இறங்கின மூச்சு.

“எனக்கு ஞாயித்துக்கெழமையே வாசனை போயிடுச்சுடா. எட்டுக் குடும்பம் என்னாவும்னு வாயத் தொறக்கல. இவளுக்கும் ஒட்டிக்கிச்சான்னு பாக்கத்தான் தெனமும் கேட்டேன். இவ கரெக்ட்டா சொல்லச் சொல்ல, அப்பாடா, யாருக்கும் ஒட்டலன்னு நானும் நிம்மதியா இருந்துட்டேன்.”