பின்னறைக்கு இருபத்தொரு டிகிரி

“இந்த ரூம்ல மீனை வெச்சா ஒரு வாரத்துக்குக் கெடாது, பெரியவரே” என்றாள் டெனிஸ். பேசும்போதே வாயிலிருந்து புகை வந்தது.

கிளிஃபோர்ட் பாக்‌ஷா சிரிக்கவில்லை. “மீனுக்கு இல்லம்மா. ஒரு ஆளுக்கு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இங்க இருபத்தொரு டிகிரி வரணும். முடியுமா, முடியாதா?”

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊரில் பதினேழு வருஷமாக பாய்லரும் ரேடியேட்டரும் பழுது பார்க்கிறவள் டெனிஸ். ஜனவரி வந்தால் அவளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கிளிஃபோர்டோ காலையில் மட்டும் நாலு தடவை போன் போட்டு அவளை வரவழைத்திருந்தார். எழுபத்தாறு வயது. பஸ் ஓட்டி ரிட்டயரானவர். தனிக்கட்டை. வரிசை வீடுகளில் அவருடையது கடைசி. அதனால் பின்னறையின் இரண்டு சுவர்கள் பனிக்காற்றுக்கு முகம் கொடுத்தபடி நின்றன.

“யாரு வர்றாங்க?”

“வில்ஃப்னு ஒருத்தன். என்கூட டிப்போல வேலை பார்த்தவன். நெஞ்சுச் சளி முத்தி ஆறு வாரமா ஆஸ்பத்திரில கிடக்கான். அவன் ஃப்ளாட்ல சுவரெல்லாம் பூஞ்சை, அங்க திருப்பி அனுப்ப மாட்டாங்களாம். நாளைக்கு நர்ஸ் வந்து இந்த ரூமைப் பார்ப்பாங்க. குளிரா இருந்துச்சுன்னா, லீட்ஸ் தாண்டி ஏதோ ஒரு முதியோர் இல்லத்துல கொண்டுபோய்ப் போட்டுருவாங்க. அங்க அவனுக்கு யாரைத் தெரியும்?”

“ரொம்ப சிநேகிதம் போல.”

“சிநேகிதமா?” கிளிஃபோர்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “சரியான தொணதொணப்பு. ஜூலை மாசத்துலயும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுதான் வண்டி ஓட்டுவான். பூனை மாதிரி, எங்க சூடு இருக்கோ அங்க போய் ஒட்டிக்குவான்.”

டெனிஸ் ரேடியேட்டரின் வால்வைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே இருந்த சின்ன ஊசி துருவேறி, அழுந்தியபடியே நின்றுபோயிருந்தது.

“இதை யாரு மூடினது?”

“நான்தான். படுக்க ஆளில்லாத ரூமுக்கு எதுக்குச் சூடு?”

எண்ணெய் விட்டு, குறடால் பிடித்து மேலும் கீழும் அசைத்து அசைத்து, ஒருவழியாக ஊசியை விடுவித்தாள். அடைத்துக்கிடந்த காற்றை வெளியேற்றினாள். குழாயில் வெந்நீர் ஓடும் சத்தம் கேட்டது. கிளிஃபோர்டின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. ஆனால் அரைமணி நேரத்தில் பாய்லர் தானாக அணைந்துவிட்டது. அறை பதினாலு டிகிரியைத் தாண்டவில்லை.

டெனிஸ் நடைக்குப் போய்ச் சுவரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அடுப்புல என்ன வெச்சிருக்கீங்க?”

“பட்டாணி சூப்பு.”

“அதான். உங்க தெர்மோஸ்டாட் சமையலறை வாசல்லயே இருக்கு. நீங்க சூப்பு கொதிக்க வெச்சா, வீடே சூடாயிடுச்சுன்னு நெனச்சு அது பாய்லரை அணைச்சுடுது. பின்னறைல இருக்கறவர் விறைச்சுப்போக வேண்டியதுதான்.”

“அதுக்கு என்ன பண்ணணும்?”

“இதைக் கழட்டிடறேன். ஒயர் இல்லாத புதுசு ஒண்ணு வண்டில இருக்கு, அதைப் பின்னறைலயே மாட்டிடலாம். அந்த ரூம் சூடாகற வரைக்கும் பாய்லர் எரியும். மத்த ரேடியேட்டரை எல்லாம் கொஞ்சம் இறுக்கி வெச்சா, வெந்நீர் முதல்ல அங்க போகும்.”

கிளிஃபோர்ட் சற்று யோசித்தார். “அப்போ என் வீட்டு பாய்லர், அவன் கேட்டாத்தான் எரியும். அவன் போதும்னா அணைஞ்சிடும். எனக்கு மிச்சம் மீதிதான்.”

“கிட்டத்தட்ட அப்படித்தான்.”

“மாட்டு, மாட்டு. பழகினதுதான். பொத்தான் வெச்சது வேணாம், திருகற மாதிரி குடு. அவன் கை நடுங்கும்.”

“இஷ்டத்துக்குத் திருகி வீட்டை உலையாக்கிடப் போறார். இருபத்திமூணுக்கு மேல போகாதபடி பூட்டி வெச்சிடவா?”

“வை” என்றார். அவள் பாதி மாட்டியபோது, “இருபத்திநாலுன்னே வெச்சிடு” என்றார்.

மறுநாள் டெனிஸ் வரவேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் அடுத்த தெருவில் ஒரு வேலையை முடித்துவிட்டு எட்டிப் பார்த்தாள். பின்னறையில் புது மெத்தை விரிப்பு, ஜன்னலுக்குக் கனமான திரை, ஒரு சாய்வு நாற்காலி. கிளிஃபோர்ட் சட்டை மாற்றி, தலைவாரி, பரீட்சைக்கு உட்கார்ந்தவர் போல நாற்காலி நுனியில் இருந்தார். நர்ஸ் வந்து கட்டிலருகே வெப்பமானியை வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தாள்.

“இருபத்தொண்ணரை. போதும்” என்றாள் நர்ஸ். “வெள்ளிக்கிழமை அவரைக் கூட்டிட்டு வந்திடறோம்.”

கிளிஃபோர்ட் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். டெனிஸ் பார்க்காதது போல ரேடியேட்டர் பக்கம் குனிந்தாள்.

நர்ஸ் படிவத்தை எடுத்தாள். “வேளாவேளைக்கு மாத்திரை குடுக்கறது யாரு?”

“நான்தான்.”

“நோயாளிக்கு நீங்க என்ன வேணும்? அண்ணன் தம்பியா?”

“இல்ல.”

“அப்போ சிநேகிதர்னு எழுதிக்கவா?”

“அதுவும் இல்லம்மா. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி என் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போனவன்.”

நர்ஸின் பேனா படிவத்தின் மேலேயே நின்றது.

“போன மார்ச்ல மாவிஸ் போய்ச் சேர்ந்துட்டா” என்றார் கிளிஃபோர்ட். “இவனையும் எங்கயோ கொண்டுபோய்ப் போட்டுட்டா, அவளைப் பத்தி நான் யார்கிட்டம்மா பேசுவேன்?”