வீட்டில் இருப்போர் எண்ணிக்கை

இணையப் படிவத்தைத் தப்பாக நிரப்புகிறவர்களுக்கு சர்வர் என்ன பிழைச்செய்தி அனுப்ப வேண்டும் என்று எழுதிவைப்பதுதான் அவள் வேலை. சோதித்துப் பார்க்கும்போது சோம்பல்பட்டுத் தன் வீட்டு விவரத்தையே போடுவாள். அன்றும் வீட்டிலிருந்தபடி அப்படித்தான் போட்டாள். வீட்டில் இருப்போர்: இரண்டு.

‘எண்ணிக்கை தவறு’ என்று திரும்பி வந்தது.

எண் பூஜ்ஜியமாக இருக்கக் கூடாது என்பதைத் தவிர அவள் வேறு விதி எதுவும் எழுதவில்லை. அடுத்த வீட்டு முகவரிக்கு அதே இரண்டு மறுபேச்சில்லாமல் போனது. கூட வேலை செய்யும் குறும்புக்காரன்மேல் சந்தேகம் வந்து, போனைப் போட்டாள்.

“என் கோடிங்ல கை வெச்சியா?”

“சத்தியமா நான் அந்தப் பக்கமே போகலக்கா. வேற நம்பர் போட்டுப் பாருங்க.”

மூன்று போட்டாள். தவறு. நான்கும் தவறு. கடுப்பில் ஒன்று என்று தட்டினாள். ஏற்றுக்கொண்டது.

“இதென்ன கூத்து!” என்று சிரிக்கப் பார்த்தாள். சமையலறையில் கணவன் டீ கலக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து மாலை டீ அவன் பொறுப்பு; அவள் ருசி அவனுக்கு அத்துப்படி.

கரண்டிச் சத்தம் நின்றது.

“உனக்கு சக்கரை போடணுமா, வேண்டாமா?” என்று உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது.