நிறுத்தச் சொன்ன குளிசை

"ஓம் மகள். நோவுக் குளிசைய நிப்பாட்டிட்டன். நீ யோசிக்காமப் படி."

வாப்பாவின் அந்த மெசேஜை ஆதிலா இன்னொரு தடவை வாசித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். கண்டியிலிருந்து வந்த பஸ் தம்பலகாமத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

மூக்குக்கண்ணாடியைத் தேட அலுப்புப்பட்டு, காலமெல்லாம் குரல் பதிவு மட்டுமே அனுப்பிய மனுசன் ஜமால்தீன். அவர் வேலை செய்யும் துறைமுகத்து இரைச்சலில் பாதி விளங்காது. பதினெட்டு நாளாக மட்டும் எழுத்துப் பிழைகூட இல்லாமல் எழுதி அனுப்புகிறார். சொல்லிச் சொல்லி ஒருவழியாக வாப்பாவைத் திருத்தியாயிற்று என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அவள் மருந்தியலில் இறுதி வருடம். மருந்து இரசாயனச் சோதனைக்குப் படித்தபடி இரண்டு மருந்துகளின் கட்டமைப்பை ஒரே தாளில் கீறிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், திடீரென்று நெஞ்சு திக்கென்றது. ஒன்று, இரத்தம் கட்டியாகாமல் இருக்க வாப்பாவுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் குளிசை. மற்றது, மூட்டை சுமந்து தேய்ந்த முழங்காலுக்கு அவர் தன்பாட்டில் கடையில் வாங்கிப் போடும் நோவுக் குளிசை. இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசியும், வெளியில் தெரியவும் தெரியாது.

அந்த இடத்திலேயே மெசேஜ் போட்டாள். இரண்டு தடவை அழைத்தும் பார்த்தாள், அவர் எடுக்கவில்லை. சோதனைக் காலத்தில் எடுக்கவும் மாட்டார், கதைத்தால் படிப்புக் குழம்பும் என்பது அவர் போட்ட சட்டம். அடுத்த நாள் காலையில் அந்தப் பதில் வந்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

கடைசிப் பேப்பரில் அதே இரண்டு மருந்தையும் பற்றிக் கேட்டிருந்தார்கள். வாப்பாவை நினைத்துக்கொண்டே நாலு பக்கம் எழுதினாள்.

பஸ் ஸ்டாண்டில் வாப்பாவின் மோட்டார் சைக்கிளைக் காணவில்லை. தங்கச்சி ரிஸ்லா நின்றாள். பக்கத்தில் றுவைஸ் மாமா திரீவீலருடன் நின்றார்.

"வாப்பா வரல்லயா?"

"இல்ல ராத்தா. வீட்ட போவம், வாங்க."

மாமா பையை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தார். கிண்ணியாப் பாலம் தாண்டும்வரை ஆதிலாதான் கதைத்துக்கொண்டு வந்தாள். கேள்விக்கு மேல் கேள்வி, முழுக்க வாப்பாவின் குளிசையைப் பற்றித்தான். ரிஸ்லா வெளியே பார்த்தபடி "ஓம், ஓம்" என்றாள்.

வீட்டில் சத்தமில்லை. உம்மா அறைக்குள் தொழுதுகொண்டிருப்பதாக ரிஸ்லா சொன்னாள். ஆதிலா செருப்பைக் கழற்றிய கையோடு நேரே குசினிக்குப் போய், அலுமாரியிலிருந்த மருந்துப் பேணியை இறக்கினாள். வாய்ப்பேச்சில் வாப்பாவை நம்ப ஏலாது, எண்ணிப் பார்த்தால்தான் நிம்மதி.

நோவுக் குளிசை அட்டையில் இரண்டுதான் உடைத்திருந்தது, மற்ற எட்டும் அப்படியே இருந்தன. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பாத்தியா? உண்மையாவே நிப்பாட்டிட்டார். இந்தப் படிப்பால வேறென்ன கிடைக்காட்டியும் இது போதும் புள்ள."

அடுத்ததாகக் கிளினிக்கில் கொடுத்த கடதாசி உறையை எடுத்தாள். இரண்டாம் திகதி, முப்பது குளிசை, நாளுக்கு ஒன்று என்று எழுதியிருந்தது. இன்றைக்கு இருபத்தாறாம் திகதி, ஐந்தாறுதான் மிஞ்சியிருக்க வேண்டும். உள்ளங்கையில் கொட்டி எண்ணினாள். இருபத்தைந்து இருந்தது. திரும்ப எண்ணியும் இருபத்தைந்துதான்.

"என்ன இது? இதையும் நிப்பாட்டிட்டாரா? நான் நோவுக் குளிசைய மட்டும்தானே சொன்னனான்."

மெசேஜில் மருந்தின் பெயரைத் தெளிவாகப் போடாமல் விட்டேனோ என்று அவளுக்குப் பயம் பிடித்தது. நாலு வருடம் படித்து, சொந்த வாப்பாவுக்கு ஒரு வரியை ஒழுங்காக எழுதத் தெரியவில்லையா? மூன்று கிழமையாக அவர் இதைப் போடாமல் திரிந்திருக்கிறார். எந்த நிமிஷமும் இரத்தம் கட்டியாகலாம்.

"நீயும் உம்மாவும் பாக்கல்லயா? இது நிண்டா மனுசன் விழுந்துருவார் ரிஸ்லா. எங்க அவர்? துறைமுகத்துக்கா போனார்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் வாப்பாவின் நம்பரை அழுத்தினாள்.

போன் ரிஸ்லாவின் சட்டைப் பைக்குள் அடித்தது.

ரிஸ்லா அதை வெளியே எடுத்தாள். அடித்து ஓயும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சோதின முடியும்வரைக்கும் ராத்தாக்குச் சொல்லக் கூடாதெண்டு வாப்பாதான் ஆஸ்பத்திரியில சத்தியம் வாங்கினார்," என்றாள் ரிஸ்லா. "பதிலெல்லாம் நான்தான் போட்டனான்."

ஆதிலா குளிசைகளை இறுக்கிப் பிடித்தாள். கேட்க வேண்டியது எத்தனையோ இருந்தும் ஒன்றுதான் வாயில் வந்தது.

"என்ட மெசேஜ வாப்பா பாத்தவரா?"

"அது வரேக்க வாப்பாவ அடக்கம் செஞ்சிட்டு வந்திருந்தம், ராத்தா."