சரணத்துக்கு முன்னால்

இசைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஜெசிந்தாவை அந்த ஸ்டூடியோவுக்கு அழைத்திருந்தது டிராக் பாடத்தான். பெரிய பாடகி கேட்டுப் பழகிக்கொள்ள முதலில் ஒருத்தி பாடிவைப்பாள். அவர் வந்து பாடியதும் இவள் குரலை அழித்துவிடுவார்கள். "முன்னாடியே சொல்லிட்டோம்லம்மா?" என்று ஒலிப்பதிவாளர் கேட்டபோது தலையாட்டினாள். ஆனால் பாளையங்கோட்டையில் இருந்த அம்மாவிடம், "சினிமாவுல பாடிட்டேன்" என்று மட்டும்தான் சொன்னாள். அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

பாட்டு வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத விடுதி அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்பது முறை கேட்டாள். முழுக்கப் பாடகியின் குரல். சரணம் தொடங்குமுன் இழுத்த ஒரு மூச்சு மட்டும் வெட்டுப்படாமல் தங்கியிருந்தது. தன் மூச்சு தனக்குத் தெரியாதா?

அம்மா போனில் அழைத்தாள். "ஏட்டி, கோயில் முடிஞ்சு எல்லாரும் நம்ம வீட்டுலதான் உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கோம். பாட்டுல நீ எங்க வாரே?"

"சரணத்துக்கு முன்னாடி கேளும்மா."

அந்தப் பக்கம் பாட்டு ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.

"அங்க யாரோ மூச்சுல்லா வாங்குதாவ," என்றாள் அம்மா. "ஏட்டி, நீ எப்ப பாடுவே?"

ஜெசிந்தா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இன்னொரு தடவ போட்டுக் கேளும்மா."