நடுக்கண்ணாடி

என் மனைவி மகதலேனா குஞ்சிலிருந்து வளர்த்த ஃபிளவர்ஹார்ன் மீன் ஜோடிக்கு, மேரு டவுனில் வளர்ப்பு மீன் விற்கும் ஜாபர் அலி மூவாயிரம் வெள்ளி விலை சொன்னார்.

"கொடுத்துருங்க லா, அங்கிள். ஆன்டி இல்லாம எப்படிப் பார்த்துப்பீங்க?"

"மூவாயிரத்துக்கு வாலை மட்டும் தரேன், பாஸ்."

முட்டையிட்டதும் இரண்டையும் பிரிக்கத் தொட்டியில் நடுக்கண்ணாடியை இறக்க வேண்டும். இல்லையென்றால் ஆண்மீன் பெண்மீனைக் கடித்தே கொன்றுவிடும். அது மகதலேனாவின் வேலை. அவள் இறந்தபின் மூன்று முறை மறந்துபோய் என் கடைக்குப் போய்விட்டேன். மூன்று முறையும் திரும்பி வந்தபோது கண்ணாடி இறங்கியிருந்தது. வீட்டில் நான் ஒருவன்தான்.

நாலாவது முறை கடையைத் திறக்கவில்லை. கண்ணாடியை வேண்டுமென்றே இறக்காமல் தொட்டி எதிரே உட்கார்ந்தேன். ஆண்மீன் கடிக்கக் கடிக்க, அவள் கை வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவள் போனபின் முட்டையிட்டது நான்கு முறை. அவள் காப்பாற்றியது மூன்று. மீதி ஒரு சாவு, என் பெயரில்.