ஸ்கேன் ஓடும் நேரம்

“அந்த வஜீஹாவை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடப் போறேன். லெட்டர் அடிச்சு வெச்சாச்சு.”

ஜெயராம் சொன்ன வேகத்தில், சர்வரைப் பழுது பார்க்க வந்த முருகையனே திரும்பிப் பார்த்தான்.

மயிலாப்பூர் மாட வீதியில் நாலு பேருக்குத் தெரிந்த ரத்தப் பரிசோதனை நிலையம் அது. ஜெயராம் அதன் முதலாளி. வெளியே ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். மனைவியை ஆபரேஷனுக்குச் சேர்த்துவிட்டு ஓடி வந்த ஒருவர் கவுன்ட்டரை விடாமல் தட்டினார். உள்ளே சர்வர் அசையாமல் அழிச்சாட்டியம் பண்ணிக்கொண்டிருந்தது.

“தினமும் இதே கூத்துதான்” என்றாள் கவுன்ட்டர் விஜயலக்ஷ்மி. “முந்தாநாள் காலையில வெறும் வயித்தோட ரத்தம் குடுக்க வந்தவங்க காஞ்சுபோய் நின்னாங்க. நேத்து சாயங்காலம். இன்னிக்கு மத்தியானம்.”

“எல்லாம் இவ வேலை” என்று ஜெயராம் மூலையில் நின்ற வஜீஹாவைக் காட்டினார். “தம்பியோட பயோடேட்டா அடிக்கணும்னு வீட்லேர்ந்து ஃப்ளாப்பி கொண்டுவந்தா. வைரஸும் கூடவே வந்தது.”

“அன்னிக்கே மன்னிப்புக் கேட்டேனே சார். அப்புறம் நான் எதையும் தொடலை. எங்க வீட்ல என் சம்பளம் ஒண்ணுதான் சார்.” வஜீஹா ஓர் அடி முன்னால் வந்தாள்.

முருகையன் திரையைப் பார்த்து நிமிர்ந்தான்.

“சார், இது வைரஸ் இல்லை. அதைப் பிடிக்க நாங்க போட்ட ஆன்டிவைரஸ்தான். ஒவ்வொரு ஃபைலாத் திறந்து ஸ்கேன் பண்ணி சோதிச்சுக்கினு இருக்கு. உங்க ரிப்போர்ட் எல்லாம் இருக்கிற டேட்டாபேஸையும் பிடிச்சு வெச்சிருக்கு. அதான் கவுன்ட்டர்ல ஒண்ணும் வரலை. நான் ராத்திரி ஓடற மாதிரிதான் வெச்சுட்டுப் போனேன். யாரோ பகலுக்கு மாத்தியிருக்காங்க. ஒவ்வொரு நாளைக்கும் ஒவ்வொரு நேரம்.”

ஜெயராம் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு குரலை உயர்த்தினார்.

“பாத்தியாப்பா! மாட்டிக்கக் கூடாதுன்னு தினம் ஒரு நேரமா வெச்சிருக்கா!”

“பாஸ்வேர்ட் இல்லாம மாத்த முடியாதே சார்.”

“நான் அடிக்கறச்சே எட்டிப் பாத்துண்டு இருந்திருப்பா.”

பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டு லெட்டரை அவள் கையில் திணித்தார். அதைப் பார்க்க முருகையனுக்குப் பொறுக்கவில்லை. ஆனால் முதலாளியை எதிர்த்துப் பேச அவன் யார்? வந்த வேலையையாவது முடிப்போம் என்று மவுஸைப் பிடித்தான்.

“ஸ்கேனை நிறுத்திட்டு மறுபடி ராத்திரிக்கு வெச்சுடறேன் சார். டேட்டாபேஸைத் தொடாதேன்னும் சொல்லிடறேன்.”

“ஐயையோ, இரு!” ஜெயராம் பாய்ந்து வந்து அவன் கையைப் பிடித்தார். “இப்ப வேண்டாம்ப்பா. ஒன்றரை தாண்டட்டும்.”

“வெளியில ஜனங்க கத்தறாங்க சார்.”

“சொன்னாக் கேளு. புதுசா எதையும் இந்த நேரத்துல ஆரம்பிக்கப்படாது.”

விஜயலக்ஷ்மி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு திரையில் இருந்த ஸ்கேன் நேரப் பட்டியலைப் பார்த்தாள். திங்கள் ஏழரை, செவ்வாய் மூன்று, புதன் பன்னிரண்டு...

“சார்! இதெல்லாம் ராகு காலம் ஆச்சே!”

‘கம்ப்யூட்டர் யுகத்துல ராகு காலம் என்ன வேண்டிக்கிடக்கு?’ என்று அவள் மாட்டியிருந்த தினசரி காலண்டரைக் கழற்றி எறிந்தவர் இதே ஜெயராம்தான்.

இப்போது அவர் முகம் சுண்டிப்போயிற்று.

“ராத்திரியில மெஷினை அணைச்சுடறோமோன்னோ... பகல்ல ராகு காலத்துல நல்ல காரியம் ஒண்ணும் தொடங்கப் போறதில்லை, இதாவது ஓடட்டுமேன்னு நான்தான்...” என்று மென்று விழுங்கினார்.

வஜீஹா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையிலிருந்த லெட்டரை, மை காயாத கையெழுத்து தெரியும்படி, அவர் முன்னால் வைத்தாள்.

“அப்போ என் சோத்துல மண்ணைப் போடறதுக்கு மட்டும் நேரம் காலம் பார்க்க வேணாமா சார்?”