அழவைத்த முறுக்கு

தீபாவளிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. முறுக்கு விற்கப் பவனேஷ் எடுத்த வீடியோவில், அம்மா விஜயராணியின் படத்துக்கு மாலை போட்டு, "உங்க கைமணம் மட்டும் நெலைச்சிருக்கும்மா" என்று தேம்பியிருந்தான். பார்த்த ஐம்பதாயிரம் பேரும் அழுதார்கள். ஆர்டர்தான் ஒன்றுகூட வரவில்லை. மலேசியாவின் புக்கிட் ரோத்தான் ஊரில் இருந்த வீட்டில், போனை முறைத்தபடி வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தான்.

கார் ஒன்று வந்து நின்றது. உலு யாமிலிருந்து வருஷா வருஷம் முறுக்கு வாங்கும் சந்திரிகா பெரிய டின்னோடு இறங்கினாள்.

"வாங்கக்கா! எத்தன கிலோ போடட்டும்?"

"வாங்க வரல லா தம்பி. சாவு நடந்த வீட்டுல இந்த வருஷம் பலகாரம் சுடக் கூடாதுல்ல? அதான் நானே முறுக்கு சுட்டுக் கொண்டாந்தேன்."

முறுக்கு அச்சும் கையுமாக அடுப்படியிலிருந்து விஜயராணி எட்டிப் பார்த்தாள்.

"யாருடா செத்தது?"